ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்க, பேராண்டிகளா!

வாங்க பேராண்டிகளா, வாங்க. தாண்டிக்குடி மலைக்குக் கூடாரம் அடிக்க வந்திருக்கீங்களாக்கும். சந்தோசம். ஆளுக்கொரு மூட்டை, மூட்டைக்குள்ள கொட்டை அரைக்க ஒரு மிசினு, வெந்நி ஊத்த வளைஞ்ச மூக்குக் கெண்டி, தூளு நிறுக்கத் தராசு, சூடு பாக்கத் தெர்மாமீட்டரு. ஒரு தம்ளர் காப்பிக்கா இம்புட்டும்னு கேட்டா கோவிச்சுக்குவீங்க. அதனால நான் கேக்கல.

பொட்டலத்துல இருக்கிறது எத்தியோப்பியாக் கொட்டையாமே? மிளகுக்கொடி ஏறின மரத்து நெழல்ல அராபிகாச் செடி காய்ச்சுத் தொங்குற மலை இது. காப்பி வாரியமே இந்த ஊருல ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்கு. ஆனாலும் அராபிகாவுக்குப் பூர்வீகம் எத்தியோப்பியாதான், அதை நான் மறுக்கல. பேத்தி வாக்கப்பட்ட ஊருக்குப் பாட்டியைக் கூட்டியாந்திருக்கீங்க, நாலு நாளு இருந்துட்டுப் போகட்டும்.

அடுப்புக்கு வருவோம். மூணு கல்லு வச்சு, சுள்ளி பொறுக்கிப் பத்த வச்சா படத்துக்கு நல்லா இருக்கும்னு ஒரு தம்பி அங்கிட்டும் இங்கிட்டும் பாக்குறாரு. காப்புக்காட்டுல நெருப்பு மூட்டுறது குத்தம் தம்பி. வெள்ளக்காரன் 1882-ல போட்ட வனச்சட்டம் இன்னும் உசுரோடதான் இருக்கு. 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணியில, மலையேறப் போன எடத்துல காட்டுத்தீக்கு நடுவுல மாட்டி 20 பேருக்கு மேல உசுர விட்டாங்க. அந்தச் சேதியில கேலிக்கு எடமில்ல. சொந்தக்காரர்கிட்டக் கேட்டு, தோட்டத்து நெலத்துல சருகைக் கூட்டித் தள்ளிட்டு, சின்ன கேஸ் அடுப்பை வைங்க. காத்து வர்ற பக்கம் மட்டும் ஒரு கல்லைச் சாத்துங்க. சுத்தி அடைச்சுட்டா கேஸ் டப்பா சூடேறி வெடிக்கும். அப்புறம் காப்பிய ஆகாசத்துலதான் குடிக்கணும். மார்கழி, தை ராத்திரியில கொடைக்கானல் மேல உறைபனி விழும். அந்தக் குளிர்ல பூட்டேன் டப்பா சோர்ந்துபோயி அடுப்பு முனகும். ராவுல செல்போனைப் பக்கத்துல படுக்கப் போடுறீங்கள்ல, அந்தப் போர்வைக்குள்ளயே டப்பாவுக்கும் கொஞ்சம் எடம் குடுங்க.

ஓடைத்தண்ணி கண்ணுக்குச் சுத்தமாத்தான் தெரியும். மேல காட்டுமாடு எங்க படுத்துப் பொரண்டுச்சுன்னு யாரு கண்டா? தளதளன்னு ஒரு நிமிசம் கொதிக்கட்டும்; 2,000 மீட்டருக்கு மேலன்னா மூணு நிமிசம். ஒசரம் ஏற ஏறத் தண்ணி கொறஞ்ச சூட்டுலயே கொதிச்சுரும். கடலோரத்துல 100 டிகிரி வேணும், கொடைக்கானல் ஒசரத்துக்கு 93-லயே கொதி வந்துரும். காப்பித்தூளுக்கு ஏத்த சூடு 90-லேருந்து 96. ஆக, உங்க தெர்மாமீட்டரு வேலைய மலையே பாத்துக்குது. அதைப் பையை விட்டு எடுக்காதீங்க. பாவம், அதுவும் லீவுலதான வந்திருக்கு!

தூளு விசயத்துல ஆத்துல போட்டாலும் அளந்துதான் போடணும். 200 மில்லித் தம்ளருக்கு 12 கிராம், லிட்டருக்கு 60. தராசு கொண்டாந்தது இதுக்கு ஒதவும், ஒத்துக்கிறேன். அரைக்கிறது ரவைப் பதத்துல கொரகொரன்னு இருக்கட்டும். வீட்டு ஃபில்டருக்கு அரைச்ச நைஸ் தூளு வெந்நிப் பாத்திரத்துல சேறாக் கலங்கி நிக்கும். கடைத்தூளா இருந்தா பொட்டலத்தத் திருப்பிப் பாருங்க. சட்டப்படி 49 சதம் வரைக்கும் சிக்கரி இருக்கலாம். சிக்கரி ஒரு வேரு. கால் நோக மலையேறி வந்து வேர்க்கஷாயம் குடிக்கிறதுன்னா அது உங்க இஷ்டம்.

தண்ணி கொதிச்சதும் பாத்திரத்தை எறக்கி வச்சுட்டுத் தூளைக் கொட்டுங்க. அடுப்புல வச்சே தூளைக் கொதிக்க விட்டா கசப்பெல்லாம் எறங்கிரும். ஒரு கிண்டு கிண்டி, மூடி, நாலு நிமிசம் வைங்க. இந்த நாலு நிமிசந்தான் உங்களுக்குக் கஷ்டகாலம், சிக்னலும் கெடைக்காது. தெறந்தா மேல நொரையும் தூளும் ஏடு கட்டி நிக்கும். கரண்டி முதுகால மெல்லத் தட்டுங்க; ஏடு ஒடஞ்சு தூளு முங்க ஆரம்பிக்கும். முன்னாடியே காய்ச்சி ஆற வச்ச தண்ணிய ஓரத்தச் சுத்தி ரெண்டு கரண்டி விட்டா, மிச்சமும் அடியில போயி ஒக்காந்துக்கும். பெறகு குலுக்காம ஒரே சாய்ப்பா ஊத்துங்க, அடியில ஒரு வெரக்கடை விட்டுருங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் கவுத்துறவருக்குக் குடிக்கக் கெடைக்காது, மெல்லத்தான் கெடைக்கும்.

பாலில்லாம எறங்காதுங்கிற ஆளுக்குப் பால்பொடி இருக்கு. சுடச்சுட இருக்கிற காப்பியில அப்படியே கொட்டினா கட்டி கட்டியா மெதக்கும். வெதுவெதுப்பான தண்ணி விட்டுக் கொழச்சு ஊத்துங்க. பித்தளை ஃபில்டரைச் சொமந்து வந்த தம்பியயும் நான் ஒண்ணும் சொல்லல. அவரு டிகாஷன் எறங்குறதப் பாத்து ஒக்காந்திருக்கட்டும், கூடாரத்துக்குக் காவலாச்சு.

குடிச்சு முடிச்சதும் ஒரு வேலை பாக்கி இருக்கு. சக்கையை ஓடையில கழுவி விடாதீங்க. கீழ அந்தத் தண்ணியத்தான் மொண்டு குடிக்கிறாங்க. இனிப்பு ஒட்டின டப்பாவை வெளிய வச்சா ராத்திரி காட்டுப்பன்னி விருந்துக்கு வரும். சக்கை, கேஸ் டப்பா, பால்பொடிப் பை அம்புட்டையும் கட்டி ஊருக்கே எடுத்துக்கிட்டுப் போங்க. கனக்குதுங்கிறீங்களா? நெறஞ்சிருந்தப்ப கனக்கல, காலியானதும் கனக்குதாக்கும்! காலி டப்பாவைத் திரும்பக் கொண்டு போறவருக்குத்தான் அடுத்த தடவை நான் தடம் காட்டுவேன். மத்தவங்க கீழ பஸ் ஸ்டாண்டுக் கடையிலயே குடிச்சுக்கலாம்.