அது மட்டும் உண்மை

முன்னாள் வாசகி எனப்படுபவர், பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுபவர். பெட்டிக்குள் இருப்பவை 1970களின் 'ஜாக்கி' இதழ்கள் என்பதும், அவற்றிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உரக்கப் படிக்கப்படும் என்பதும், விருந்துக்கு வந்தவர்கள் எவரும் அதுவரை எழுந்து போக முடியாது என்பதும் அந்தச் சிரிப்பிலேயே அடங்கியிருக்கின்றன. பிரித்தானியாவில் ஐம்பதையும் அறுபதையும் தாண்டிய பெண்கள் கூடுமிடத்தில் இவரைக் காணாதிருப்பது அரிது. பதின்பருவத்தில் தமக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகள் எவ்வளவு அபத்தமானவை என்று இளையவர்களுக்கு எடுத்துக்காட்டுவதே தம் நோக்கம் என்று அவர் அறிவிப்பார். அந்நோக்கம் ஒருமுறையேனும் நிறைவேறியதற்குச் சான்று இல்லை.

தமிழ் வாசகருக்குக் குதிரைப் பந்தயத்தையும், பஞ்சரான காரையும், பனியன் கடையையும் ஒருசேர நினைவூட்டும் 'ஜாக்கி' என்ற சொல், இங்கே ஜாக்குலின் என்ற பெண்பெயரின் செல்லச் சுருக்கமாகும். சணல், ஜாம், இதழியல் ஆகிய மூன்றால் பெயர்பெற்ற ஸ்காட்லாந்து நகரமான டண்டீயிலிருந்து, 'பீனோ' என்னும் சிறுவர் சித்திரக்கதை இதழை வெளியிட்ட டி.சி. தாம்சன் நிறுவனமே 1964 ஜனவரியில் இதனையும் தொடங்கியது. பாப் பாடகர்களின் படம், காதல் படக்கதை, உடை, ஒப்பனை, தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் வினாத்தாள் ஆகியவற்றோடு வாரந்தோறும் வந்து, 1976இல் 6 லட்சம் படிகளைத் தாண்டி விற்று, 1993இல் நின்றுபோன இவ்விதழ், நின்றது அச்சில் மட்டுமே என்பதை முன்னாள் வாசகியோடு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தவர் அறிவர்.

அவருடைய பழக்கங்கள் பல. இதழின் மணத்தை முகர்ந்து பார்ப்பது ஒன்று. அக்காலப் பாப் பாடகர் டேவிட் காசிடியின் படத்தைக் கண்டதும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவது மற்றொன்று. ஆயினும் இவ்வகையினரை மற்றெல்லா வகையினரிடமிருந்தும் பிரித்துக் காட்டும் பழக்கம் ஒன்றே. ஓர் அறிவுரையை ஏளனக் குரலில் படித்து, கேட்டவர்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, பின்பு குரலைச் சற்றே தாழ்த்தி, "ஆனால், அது மட்டும் உண்மை" என்று சொல்வதே அது. 'மட்டும்' என்பது ஒன்றை எடுத்து மற்றவற்றை விலக்கும் சொல் என்பது இலக்கணம். முன்னாள் வாசகியிடத்தில் அது எதனையும் விலக்குவதில்லை.

எலுமிச்சையை எடுத்துக்கொள்ளலாம். தலைமுடியில் எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் முடி பொன்னிறமாகும் என்பது அக்காலப் பெண்கள் இதழ்களில் கோடைதோறும் தவறாமல் தலைகாட்டிய யோசனை. சாற்றிலுள்ள அமிலம் வெயிலோடு சேர்ந்து முடியின் நிறத்தைச் சற்று வெளுக்கச் செய்யும் என்பது மெய்யே. அதே சாறு தோலில் வழிந்து வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகக்கூடும் என்பதும், முடி வைக்கோலைப் போல் வறண்டுபோகும் என்பதும் அந்த யோசனைகளில் பெரும்பாலும் இடம்பெறாத செய்திகள். ஸ்காட்லாந்து நகரங்களுள் அதிக வெயில் பெறுவது தான்தான் என்று டண்டீ பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு எனினும், அது ஸ்காட்லாந்தின் அளவுகோலால் அளந்த வெயில் என்பதால், வாசகிகளுள் பலர் கம்பளிச்சட்டை அணிந்து, தலையில் சாறு வழிய, மேகம் விலகட்டும் என்று கொல்லைப்புறத்தில் காத்திருந்த காட்சியை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. முன்னாள் வாசகி இக்காட்சியைத் தாமே நடித்துக் காட்டுவார். வயிறு குலுங்கச் சிரிக்கும்படி நடிப்பார். நடித்து முடித்ததும், "ஆனால், அது மட்டும் உண்மை, 1976 கோடையில் என் முடியைப் பார்த்திருக்க வேண்டும்" என்பார். 1976ஆம் ஆண்டுக் கோடை, ஆறுகள் வற்றி, தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்த, பிரித்தானியர் இன்றுவரை பேசித் தீராத வறட்சிக் கோடை. அந்த வெயிலில் வேலிக்கம்பே வெளுத்திருக்கும் என்பதை அவரிடம் எடுத்துரைத்த துணிவுள்ளோரும் உளர். அவர்களுக்கு அடுத்த விருந்துக்கு அழைப்பு வந்ததில்லை.

இவ்வாறே பருவின்மீது பற்பசை தடவும் யோசனையும் வரும். பற்பசை தோலை எரித்துச் சிவக்கச் செய்யுமே அன்றி வேறொன்றும் செய்யாது என்று தோல் மருத்துவர்கள் அலுக்காமல் சொல்லிவருவதை அவரே முன்வந்து குறிப்பிடுவார். குறிப்பிட்டுவிட்டு, மருத்துவர்கள் சொல்வது பொதுவாகச் சரிதான், ஆனால் இரவில் தடவிக் காலையில் கழுவினால் அது மட்டும் உண்மை என்பார். உறங்குமுன் முடியை நூறு முறை சீவ வேண்டும் என்ற விதிக்கும் இதுவே கதி. நூறு முறை இழுக்கப்படும் முடி மின்னுவதைவிட ஒடிவதே மிகுதி என்று இன்று எல்லோருக்கும் தெரிந்திருக்க, அவர் தம் தலையைச் சற்றே திருப்பி விளக்கின் பக்கம் காட்டுவார். கூடியிருப்போர் மரியாதை கருதி உருளைக்கிழங்கைப் பரிமாறத் தொடங்குவர்.

ஆண்பிள்ளைகளைப் பற்றிய பகுதி வந்ததும் இப்பழக்கம் அதன் உச்சத்தை எட்டுகிறது. ஒரு பையனுக்கு உன்னைப் பிடிக்க வேண்டுமானால் அவனுக்குப் பிடித்ததைப் பற்றிக் கேள், அவன் சொல்வதைக் கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிரு, அவன் நகைச்சுவைக்குச் சிரி, நீயாக முந்திக்கொண்டு பேசாதே என்ற வகை அறிவுரைகள் அக்காலத்து இதழ்களின் முதுகெலும்பு. இவற்றைப் படிக்கும்போது முன்னாள் வாசகி உண்மையிலேயே சினம் கொள்வார், மேசையைத் தட்டுவார், தம் தலைமுறைப் பெண்களை வாய்மூடி மௌனிகளாக்க நடந்த சூழ்ச்சி என்பார், இதைப் பற்றி ஆய்வே எழுதியிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்வார். அதில் பிழையில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் இருந்த ஏஞ்சலா மெக்ராபி, ஜாக்கி இதழையே தனி ஆய்வுப்பொருளாகக் கொண்டு 1978இல் எழுதிய கட்டுரையில், காதல், சொந்த வாழ்க்கை, உடையும் ஒப்பனையும், பாப் இசை என்ற நான்கு குறிமுறைகளால், அதாவது பொருளைக் கட்டமைத்துத் தரும் நான்கு மரபுகளால், பெண்மை என்பது இன்னதென்று அவ்விதழ் வாசகிகளுக்கு வரையறுத்துக் கொடுத்ததாக நிறுவினார். முன்னாள் வாசகி அக்கட்டுரையைப் படித்ததில்லை. அதன் முடிவோடு முழுதும் உடன்படுகிறார். உடன்பட்டு, மூச்சுவிட்டு, மேசையின் மறுகோடியைக் கைகாட்டி, "ஆனால், கால்பந்தைப் பற்றிக் கேட்கச் சொன்னார்களே, அது மட்டும் உண்மை" என்று முடிக்கிறார். மறுகோடியில் அவருடைய கணவர் அமர்ந்திருக்கிறார். 1979இல் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கான விடையை அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

இந்த அறிவுரைகளைச் சொன்னவர் யார் என்ற கேள்விக்கும் இங்கே இடமுண்டு. இதழ்களில் வாசகர் குறைகளுக்கு விடையெழுதுபவரை ஆங்கிலேயர் 'அகொனி ஆன்ட்' என்பர்; துயர் கேட்கும் அத்தை எனலாம், அல்லது சித்தி எனலாம், பெரியம்மா என்றாலும் தவறில்லை. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் இவர்களுள் எவரைக் குறிக்கிறது என்று தெளிவுபடுத்துவதில்லை. அத்தையாக இருந்து, அவருக்கு ஒரு மகனும் இருந்துவிட்டால், கடிதம் எழுதிய பெண்ணின் சிக்கல் ஒரே வரியில் தீர்ந்திருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஜாக்கியில் அப்பக்கத்தை நடத்தியவர்கள் 'கேத்தியும் கிளேரும்'. அத்தையின் அதட்டலைவிட அக்காளின் அணைப்பைப் பாவனை செய்த இருவர். அப்படி இருவர் இருந்ததே இல்லை. அலுவலகத்து ஊழியர்கள் அப்பெயர்களுக்குள் இருந்துகொண்டு விடை எழுதினர். இல்லாத பெரியவர் அறிவுரை வழங்குவது புதிதன்று: 1690களில் லண்டனில் ஜான் டண்டன் நடத்திய 'ஏதீனியன் மெர்க்குரி', ஓர் அறிஞர் கழகம் விடையளிப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒருசில ஆண்களை வைத்தே காதல் முதல் இறையியல் வரை தீர்ப்பு வழங்கியது. கேத்தியும் கிளேரும் இல்லாதவர்கள் என்பதை முன்னாள் வாசகி அறிவார். "ஆனால் கிளேர்தான் கொஞ்சம் கண்டிப்பு" என்பார்.

அக்காமாரின் கைமருந்து ஒன்று எல்லா நோய்க்கும் பொதுவானது: நீ நீயாகவே இரு. அதற்கு எதிர்ப்பக்கத்திலேயே உன் முகத்தின் வடிவத்தை மறைக்க முடியை எப்படி வெட்டுவது, உன் கால்களின் குட்டையை மறைக்க எதை உடுத்துவது என்ற விளக்கங்கள் படத்தோடு இருக்கும். தானாகவே இருக்க விரும்பும் பெண்ணுக்கு எத்தனை ஒப்பனைப் பொருள் தேவைப்பட்டது என்று கணக்கிட்டவர் இல்லை. வினாத்தாள்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. விடைகளுள் 'அ' பெரும்பாலும் அடக்கமின்மை, 'இ' அளவுமீறிய அடக்கம், 'ஆ' எப்போதும் பொன்னான நடுநிலை என்பதை மூன்றாம் கேள்விக்குள் எந்தச் சிறுமியும் கண்டுபிடித்துவிடுவாள். விருந்தினர் அனைவரையும் இவ்வினாத்தாளுக்கு விடையளிக்கச் செய்யும் முன்னாள் வாசகி, தமக்கு நாற்பது ஆண்டுகளாக 'ஆ'வே வருவதாகத் தெரிவிக்கிறார்.

இதே இதழ்களில் அவர் படிக்காமல் புரட்டிவிடும் பக்கம் ஒன்றுண்டு. கேத்தி, கிளேர் பெயருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 400 கடிதங்கள் வந்தன. அவற்றுள் உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் கேட்டவை நிறைய இருந்தும் அச்சேறியவை பையன் திரும்பிப் பார்க்கவில்லை, தோழி பேசவில்லை என்பன போன்ற, எவர் முகமும் சுளிக்காத குறைகளே. மற்றவற்றுக்கு, பொதுவான ஐயங்களுக்கென்று ஆயத்தமாக அச்சிட்டு வைத்த துண்டறிக்கைகள் தனியே தபாலில் சென்றன. கருத்தடை மாத்திரையைத் தேசிய சுகாதாரச் சேவை 1974இல் இலவசமாக்கிய பின்னரே, 'அன்புள்ள டாக்டர்' என்ற பகுதி தொடங்கப்பெற்று, இடுப்புக்குக் கீழேயும் மனித உடல் தொடர்கிறது என்பது அவ்விதழில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்பகுதியில் பெட்டியைத் திறந்து சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆதலால் அது சத்தமாகப் படிக்கப்படுவதில்லை.

படிக்கப்படுவது எது என்பதில்தான் குறை கிடக்கிறது. மேசையைச் சுற்றிலும் பெரியவர்கள் மட்டும் இருப்பதில்லை. தங்கையின் பதினான்கு வயது மகளும் இருக்கிறாள். ஐம்பது ஆண்டுப் பழமையான கிண்டலின் நிழலில் நின்றுகொண்டு, அவளுடைய நெற்றியிலிருக்கும் பருவைப் பற்றியும், அவள் இரண்டாம் முறை எடுத்த உருளைக்கிழங்கைப் பற்றியும், அந்த நிறம் அவளுக்கு எடுப்பாக இல்லை என்பது பற்றியும் முன்னாள் வாசகி சொல்லும் சொற்கள் நகைச்சுவையும் அல்ல, நினைவுகூர்தலும் அல்ல. கேட்கப்படாத அறிவுரை மட்டுமே. இதழுக்காவது கடிதம் எழுதிக் கேட்டவளுக்கு விடை சொல்லும் முறைமை இருந்தது. இச்சிறுமி எவருக்கும் கடிதம் எழுதவில்லை. சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சாப்பிட விட வேண்டும்.

எனினும் பெட்டியை எரித்துவிடச் சொல்ல எவருக்கும் மனம் வருவதில்லை. உடலில் நேரும் மாற்றத்தைப் பற்றித் தாய் வாய்திறவாத வீடுகள் பலவாக இருந்த காலத்தில், தன் பெயரிட்ட உறை ஒன்று டண்டீயிலிருந்து வந்து கதவடியில் விழுவதும், அதை வேறெவரும் எடுப்பதற்குள் ஓடிச்சென்று எடுப்பதும், கட்டிலுக்கடியில் வைத்துப் படிப்பதும் சிறிய செய்திகள் அல்ல. ஒரே ஒரு மாலையில், மது சற்றுக் கூடிய நேரத்தில், முன்னாள் வாசகி பெட்டியின் அடியிலிருந்து அத்தகைய துண்டறிக்கை ஒன்றை எடுத்து, நான்காக மடித்த மடிப்பைப் பிரிக்காமலேயே திரும்ப வைத்ததுண்டு. அதைப் பற்றி 'உண்மை' என்றோ 'பொய்' என்றோ அவர் எதுவும் சொல்லவில்லை.

2013இல் டண்டீயிலேயே ஜாக்கி இதழை வைத்து ஓர் இசைநாடகம் அரங்கேறியது. மணமுறிவு பெற்று ஐம்பதைக் கடந்த பெண்ணொருத்தி, வாழ்க்கையை மீண்டும் தொடங்கப் பழைய இதழ்க்கட்டை எடுத்து அறிவுரை தேடுவதே அதன் கதை. 2016இல் அது பிரித்தானிய நகரங்களைச் சுற்றிவந்தபோது முன்னாள் வாசகி இருமுறை சென்று பார்த்தார். இந்த வயதில் போய் அந்தக் குப்பையை நம்பும் பெண் இருப்பாளா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் சிரித்தார்.

விருந்தின் இறுதிப் பகுதி ஆண்டுதோறும் மாறுவதில்லை. பெட்டி மூடப்பட்ட பிறகு, அதுவரை வாய்திறவாதிருந்த சிறுமி தன் கைப்பேசியை நீட்டுகிறாள். அதில் பத்தொன்பது வயதுக்கு மேற்படாத ஒருத்தி, எங்கோ நல்ல வெயிலடிக்கும் ஊரில், தலையில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். "பார்த்தீர்களா!" என்று முன்னாள் வாசகி எழுந்தே நின்றுவிடுகிறார். மறுநாள் காலையில் மீனுக்கென்று வைத்திருந்த மூன்று எலுமிச்சைகளில் ஒன்றுகூட அடுக்களையில் இருப்பதில்லை. கொல்லைப்புறத்தில், தூறலுக்கிடையே, இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன.