வாட்ஸ்அப்பில் அழிந்துபட்ட படங்கள்: பாடபேத நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை இல்லாத ஆய்வு நெறியாளருக்கு ஆகாது. எனவே முன்னுரை: எங்கள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும் படமொன்று 2019 மாட்டுப்பொங்கலன்று குடும்பக் குழுவில் வந்தது; என் போனில் ஐந்தாண்டுக்கு மேல் இருந்தது; ஒருநாள் பார்த்தால் இல்லை. முன்னுரை முற்றிற்று.

இப்பொருளில் முன்னாய்வுகள் உண்டு. அவை அனைத்தும் பிழையானவை என்று நிறுவவே இக்கட்டுரை எழுதப்படுவதால் அவற்றைப் படிக்கவில்லை.

அழித்தல் என்னும் வினை மூவகைப்படும். ‘நானே அழித்தேன்’ என்பது தன்வினை. இதற்கு வழக்கில் சான்று இல்லை. ‘பிள்ளையிடம் கொடுத்து அழிப்பித்தேன்’ என்பது பிறவினை. மூன்றாவது செயப்பாட்டுவினை: ‘அழிக்கப்பட்டுவிட்டது’. வீட்டு வழக்கில், ‘அதுவா போயிருச்சு’. இதன் எழுவாய் தோன்றா எழுவாய். கேள்வி கேட்கும் நேரத்தில் தோன்றாது. பக்கத்து அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்.

அந்த எழுவாய் அனுப்பியவராக இருக்கலாமோ என்று ஐயுறுவார்க்கு விடை: ‘எல்லோருக்கும் அழி’ என்ற வசதி 2017இல் வந்தபோது அவகாசம் 7 நிமிடம். 2022இல் அது 2 நாள் 12 மணி நேரமானது. 2019இல் அனுப்பிய படத்தை இப்போது மனம் மாறி அழிக்க வழியில்லை. ஆகவே குற்றம் என் போனில், என் வீட்டுக்குள் நடந்தது. இது கருதுகோள் ஒன்று. கருதுகோள் இரண்டு கிடையாது.

இனி மீட்பு. கைதவறி ‘எனக்கு மட்டும் அழி’ என்பதைத் தொட்டால், அடியில் ஒரு பட்டை வந்து மீட்கட்டுமா என்று கேட்கும். 5 நொடி நிற்கும். நான் மூக்குக்கண்ணாடி தேடி எடுக்கவே 40 நொடி.

கேலரியிலிருந்து அழித்தது குப்பைத்தொட்டியில் கிடக்கும். கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த படமென்றால் 60 நாள், எடுக்காததென்றால் 30 நாள். என் படம் எப்போது போனது என்பதே தெரியாததால் இவ்வழி அடைபட்டது.

அடுத்தது காப்புப்பிரதி. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் இரவு 2 மணி வாக்கில் உள்ளேயே ஒரு பிரதி எடுத்து, கடைசி 7 நாள் பிரதிகளை வைத்திருக்கும். ஆனால் அதில் இருப்பது பேச்சு மட்டுமே, படம் இல்லை. அதைக்கொண்டு மீட்டால் படம் இருந்த இடத்தில் நீராவி படிந்த கண்ணாடி போல ஒரு மங்கல் சதுரம் வரும். தொட்டால், அனுப்பியவரையே திரும்ப அனுப்பச் சொல்லும். படத்தோடு சேர்த்து வைப்பது கூகுள் டிரைவ் பிரதி. அதுவோ ஒன்றே ஒன்று. புதியது ஏறினால் பழையது அழியும். தினசரிக் காப்பு வைத்துப் பகலில் படத்தை இழந்தவன் அன்றிரவு 2 மணிக்குள் விழித்துக்கொள்ளாவிட்டால் காப்பும் போகும். இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கோள் எப்போதோ ஒருமுறை வந்தது. இது தினசரி.

விளம்பரம் பார்த்தால் மீட்டுத் தருவேன் என்னும் செயலிகளையும் ஆராய்ந்தேன். பழைய மெமரி கார்டில் அழிப்பது என்றால் வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மட்டும்தான். வேறு யாராவது குடிவரும்வரை வீடு அப்படியே நிற்கும். இன்றைய போன்களில் ஒவ்வொரு கோப்பும் பூட்டிய வீடு. கோப்பை அழிக்கும்போது சாவியும் சேர்ந்து போகிறது. செயலி தோண்டி எடுத்தது, யாரோ ஒருவரின் முகப்புப் படம், ஒரு பால் பாக்கெட், தபால்தலை அளவில் என் இடது காது.

ஆக, ஏடு தேடிப் புறப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா. ஊர் ஊராய்ச் சென்று ஏடு திரட்டியும் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எனக்குப் போன் ரீசார்ஜ் இருந்தது. கோப்பின் பெயர் IMG-20190116-WA0023 என்றிருக்க வேண்டும். அதாவது அன்று என் போனில் இறங்கிய படங்களின் வரிசையில் ஓர் எண். உறவினர் போன்களில் எண் மாறும்; அன்றே இறங்கியிருந்தால் நாள் மாறாது. இந்தக் குறிப்போடு விசாரித்ததில் மூன்று படிகள் கிடைத்தன.

அத்தை படி: அப்பத்தாவைச் சுற்றி ரோஜா வளையம், கீழே ‘இனிய காலை வணக்கம்’. இடைச்செருகல் என்பது வெளிப்படை, 2019இல் எங்கள் திண்ணையில் ரோஜா இல்லை (அத்தை, குரல்வழிச் செய்தி, 2 நிமிடம் 40 நொடி, இரண்டு குக்கர் விசில்களுக்கு இடைப்பட்ட பகுதி).

சித்தப்பா படி: சிதைந்தது. வலப்பக்கம் நின்ற பெரியப்பா வெட்டப்பட்டிருக்கிறார். வெட்டு, பாகப்பிரிவினைக்குப் பிற்பட்டது (சித்தப்பா, குடும்பக் குழு, முதற்பதிப்பு, திருத்திய பதிப்பு அன்றிரவே, சித்தியின் மறுப்புரையோடு சேர்ந்த மூன்றாம் பதிப்பு மறுநாள் விடியலில், பெரியப்பா மகனால் படிக்கப்பட்டு, பதில் இன்றி).

பெரியம்மா படிதான் ஆய்வுலகைக் கலக்கியது. அது படமே அல்ல, படத்தின் ஸ்கிரீன்ஷாட். மேலே பேட்டரி 12 விழுக்காடு, சிக்னல் ஒரு கோடு, எடுக்காமல் விட்ட அழைப்பு ஒன்று: ‘சீட்டு அக்கா’. இதன் காலத்தை எப்படிக் கணிப்பது? பெரியம்மா போனைச் சார்ஜில் போடுவது சீரியல் முடிந்த பிறகே. எனவே 12 விழுக்காடு என்பது முன்னிரவு. சிக்னல் ஒரு கோடு என்றால் இடம் அடுக்களை. கூடத்தில் மூன்று கோடு வரும், நானே நடந்து சோதித்தேன். சீட்டு அக்கா அழைப்பது மாதம் 5ஆம் தேதிக்கு மேல் பணம் வராவிட்டால்தான். ஆகவே ஒரு மாதத்தின் 6 முதல் 10 தேதிகளுக்குள், அடுக்களையில், சீரியல் இடைவேளையில் இந்தப் படி எழுதப்பட்டது. எந்த ஆண்டு என்று கேட்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது. என் மைத்துனன் 12 விழுக்காட்டைக் காலை என்று கொள்கிறான். அவனுக்குப் பெரியம்மாவையும் தெரியாது, பேட்டரியையும் தெரியாது. இதுபற்றி நாங்கள் ஒரு மாதம் பேசவில்லை. தனி ஆய்வுக்குரியது.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு பாடபேதம் தீரவில்லை. ரோஜாப் படியில் அப்பத்தா குனிந்து கீரையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டில் கண் மூடியிருப்பதுபோல் இருக்கிறது. ஒவ்வொரு முறை புதிதாக ஏற்றி அனுப்பும்போதும் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியதில் கண்ணிருந்த இடம் நாலைந்து சாம்பல் புள்ளிகளாகிவிட்டது. ‘கண் தாழ்ந்தது’ என்பது என் பாடம். ‘கண் மூடியது’ என்பது மைத்துனன் பாடம். கீரை முருங்கையா அகத்தியா என்ற கிளைப்பூசலும் உண்டு.

அப்பத்தாவிடமே கேட்கலாமே என்றாள் என் மனைவி. அவளுக்கு ஆய்வு முறையியலில் பயிற்சி இல்லை. மூலம் உயிரோடிருக்கும்போது அதனிடம் போய்க் கேட்டுவிட்டால் கருத்தரங்கு எப்படி நடக்கும், பயணப்படிக்கு எங்கே போவது? இருந்தாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, மூன்று படிகளையும் காட்டிக் கேட்டேன். போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“இந்தச் சனியன் இன்னுமா இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு, வாயைத் தொறந்துக்கிட்டு, இது ஒரு படமாடா? போன வைகாசியில உன் வீட்டுக்கு வந்திருந்தப்ப உன் மவன்கிட்டச் சொல்லி நாந்தான் அழிக்கச் சொன்னேன். பிஸ்கட்டுக்கு இருபது ரூவா குடுத்தேன். பெரியம்மா போன்லயும் இருக்கா? அவ எங்க, கூப்பிடு.”