கோயில் வாசலில் ஒரு கார்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றுபோனது. தனியார் கார்களுக்கு மறுபடி வழிவிட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புத்தம் புதிதாக வந்து சேர்ந்த ஒரே கார் என்னுடையது. ஜப்பான் கார். நாலு சில்லுக்கும் இழுவை உண்டு. லைசன் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம்.

டமியா டிடி-02 என்ற ரிமோட் கார் அது. 2013இல் வந்த மாடல். அசல் காரில் பத்தில் ஒரு பங்கு. டுபாயில் இருக்கும் மச்சான் லீவில் வந்தபோது சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்தான். பெட்டிக்குள் கார் காராக இருக்காது. பொட்டலம் பொட்டலமாக ஆணியும் பல்சக்கரமும் இருக்கும். நாம்தான் பூட்ட வேண்டும். தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதோடு கார் என் கையை விட்டுப் போனது.

டமியா கம்பெனி இருப்பது ஷிசுவோக்காவில். ஜப்பானில் தேயிலைக்குப் பேர்போன இடம். இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்தார். "தேயிலைக்காட்டு ஆளா செஞ்சான்? அப்பறம் ஏன் இப்பிடித் தரையோட தரையா செஞ்சு வச்சிருக்கான்?"

நியாயமான கேள்வி. இந்த டூரிங் கார் வகை, வழவழப்பான தார்ப்பாதைக்கும் மண்டபத்துக்குள் விரித்த கார்பெட்டுக்கும் என்றே பிறந்தது. பந்தயக்காரர்கள் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் அளவில்தான் இடைவெளி விடுகிறார்கள். தாழ்ந்திருந்தால்தான் வளைவில் கவிழாது. எங்கள் ஊவா மாகாணத்தில் 5 மில்லிமீட்டர் என்பது கவ்வாத்து மலையிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும் ஒரு குச்சி. எங்கள் ரோட்டுக் குழி ஒன்றுக்குள் இறங்கினால் அந்தக் கார் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.

தோட்டத்தில் மட்டமான இடம் மூன்று: பெரட்டுக் களம், ஸ்டோர் முற்றம், மாரியம்மன் கோயில் வாசல். பெரட்டுக் களத்தில் ஆள் நிற்கும், ஸ்டோர் முற்றத்தில் லொறி நிற்கும். கோயில் வாசல் சீமெந்துத் தரை, பின்னேரத்தில் சும்மா கிடக்கும். கோயில் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "புது வண்டி. தேசிக்காய் வைக்காம ஓட்டக் கூடாது."

சில்லின் உயரம் ஆறரை சென்றிமீட்டருக்குள். தேசிக்காய் நாலு சென்றிமீட்டர். கார் முட்டிப் பார்த்தது, முனகியது, பின்வாங்கியது. கோயில் வாசலில் வண்டி பின்வாங்குவது நல்லதுக்கில்லை என்று ஓர் அம்மாயி சத்தமாகவே சொன்னார். பூசாரிதான் வழி கண்டார். "வண்டி பத்துல ஒண்ணுன்னா பழமும் பத்துல ஒண்ணு" என்று மெல்லிசாக நாலு கீற்று வெட்டி நாலு சில்லுக்கும் வைத்தார். கன அளவுப்படி ஆயிரத்தில் ஒன்று என்று, கணக்கு வாத்தியாரான எனக்கு வாய் துறுதுறுத்தது. கோயிலாச்சே என்று அடக்கிக்கொண்டேன். சாறு பட்ட டயரோடு கார் முதல் வளைவிலேயே முழுவட்டம் அடித்தது. கூட்டம் அதைத் திறமை என்று எடுத்துக்கொண்டது.

அன்று மாலையே அறிவுரை தொடங்கிவிட்டது. பெடியன்களுக்கு வேண்டியது வேகம், எல்லாருக்கும் ஒரே கோரிக்கை: "சார், பிரஷ்லெஸ் மோட்டார் போடுங்க சார்!" பெட்டியோடு வந்த சாதாரண மோட்டார் நிமிஷத்துக்கு 15,000 சுற்று அளவில் சுற்றும். பினியன் என்ற சின்னச் சக்கரத்தில் 22 பல், பெரிய சக்கரத்தில் 70 பல், உள்ளே இன்னொரு 2.6 மடங்கு. ஆக, மோட்டார் 8.27 தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும். கரும்பலகையில் போட்டுக் காட்டினேன்: மணிக்கு 22 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து பதுளைக்கு 290 கிலோமீட்டர் சொச்சத்தை ரயில் பத்து மணி நேரத்தில் வந்தால் சராசரி 29. கடைசி வாங்குக்காரன் ஒருவன், "அப்ப ரயிலக்கூடப் பிடிக்க ஏலாதா சார்?" என்று துக்கப்பட்டான்.

அப்பா பிடிக்கவே வேண்டாம் என்றார். ஸ்டோரில் ரோலரை வேகமாகச் சுற்றவிட்டால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். கப்பியின் அளவை மாற்றி வேகத்தை அடக்குவதுதான் அவருடைய தொழிலாக இருந்தது. கோயில் வாசலின் விளிம்போடு தரை முடிகிறது. அதற்குக் கீழே தேயிலைச் சரிவு. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கிற தூரம் நாலு மடங்கு. நிற்காத கார் சரிவில் இறங்கும். அதைத் தேடிப் போகிறவன் காலில் அட்டையோடு ஏறி வருவான். ஆகவே பிரஷ்லெஸ் மோட்டாரின் உண்மையான விலையை ரூபாயில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. அப்பா பினியனை இன்னும் சின்னதாக மாற்றினார். உச்ச வேகம் குறைந்தது. வளைவிலிருந்து கார் சட்டென்று வேகமெடுத்தது, மோட்டாரும் சூடேறவில்லை.

வீட்டில் இன்னொரு மேற்பார்வையும் உண்டு. மலையகத்துக்குக் கார் பந்தயம் புதிதல்ல. நுவரெலியா மஹகஸ்தொட்டவில் 1934இலேயே மலையேற்றப் பந்தயம் தொடங்கிவிட்டது. ஆனால் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, எங்கள் மாவட்டத்திலேயே, தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா முன்னால் 'ரேஸ்' என்ற சொல்லை எடுக்க முடியாது. என் காரைக் கையில் தூக்கிப் பார்த்து, ஒன்றரைக் கிலோதான் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே அனுமதி கொடுத்தார்.

அடுத்த நிபுணர் ஆட்டோ ஓட்டும் இன்னொரு மச்சான். சில்லுகள் மேல்பக்கம் உள்ளுக்குச் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எலைன்மென்ட் போயிருச்சு, டவுன்ல காட்டு" என்றார். அது நாங்களாகவே வைத்த சாய்வு, இரண்டு பாகை. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போதுதான் அந்தப் பக்க டயர் நிமிர்ந்து முழுசாகத் தரையைப் பிடிக்கும். மச்சான் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப என்னோட ஆட்டோவும் ரேஸ் வண்டிதான்."

அதிர்வைத் தணிக்கும் டம்பர் விஷயத்தில் அவரை விடவே முடியவில்லை. காரோடு வந்தது எண்ணெய் இல்லாத வகை. வெறும் ஸ்பிரிங்கும் உரசலும். எண்ணெய் டம்பர் வாங்கிய பிறகு, சிலிக்கன் எண்ணெய்க்கு என்ன அவசரம், குசினியில் தேங்காய் எண்ணெய் இருக்கிறதே என்றார். ஜனவரி மாசம். குளியலறை ஜன்னலில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து அவர் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. 24 பாகைக்குக் கீழே போனால் அது எண்ணெய் இல்லை, மெழுகு. மச்சான் போத்தலை வாங்கி, வெயிலில் காட்டினால் இளகும் என்றார். பந்தயத்தை மத்தியானத்துக்கு மாற்றலாம் என்ற அளவுக்கு அவர் போய்விட்டார்.

மேலதிகப் பாகங்களின் விலைப்பட்டியல் நீல நிற அலுமினியத்தில் தொடங்குகிறது. பார்க்கக் கண்ணைப் பறிக்கும். சில்லைத் தாங்கும் பிளாஸ்டிக் கை மோதினால் வளைந்து கொடுக்கும். அலுமினியக் கை வாங்கிய அடியை அடுத்த பாகத்துக்குக் கடத்திவிடும். அதனால் பட்டியலை நாங்கள் வாலிலிருந்து படித்தோம். முதலில் பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றிவிட்டு போல் பெயாரிங். கையால் சுழற்றிவிட்ட சில்லு நிற்க மறந்து ஓடியபோது, அப்பா முகத்தில் தீபாவளி முற்பணம் கிடைத்த களை. அதற்கடுத்து நல்ல ரப்பர் டயர், பிறகு டம்பர்.

எல்லாவற்றையும்விடக் காரை மாற்றியது பட்டியலில் இல்லாத சாமான்: ஈர்க்கு விளக்குமாறு. டயருக்கும் தரைக்கும் நடுவில் தூசி இருந்தால் எந்த விலை டயரும் வழுக்கும். பெடியன்கள் முறை வைத்துக் கூட்டினார்கள். யார் கூட்டிய அன்று கார் நேராக ஓடுகிறது என்று போட்டியும் வந்தது. கோயில் வாசல் எப்போதும் இல்லாத பளபளப்பு.

பிரஷ்லெஸ் மோட்டார் இன்னும் வாங்கவில்லை. கேட்கிறவனிடம் விளக்குமாற்றைக் கொடுக்கிறேன். கோயில் தலைவர் மட்டும் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, திருவிழா நெருங்கினால் என்னை வழிமறித்து, "வாத்தியாரே, நாளைக்கு ரேஸ் வச்சிருக்கீங்கதானே?" என்று விசாரிக்கிறார்.