பஸ் வராத தாமானிலிருந்து ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: மலாக்காவில் வீட்டை ஒரு மேசையிலும், சாலையை ஒரு மேசையிலும், பஸ்ஸை வேறு ஊர் மேசையிலும் வைத்துத் திட்டமிடும் பெரியோர் அனைவருக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஜாசின் பக்கம், ஒரு காலத்தில் தோட்டமாக இருந்து இன்று வீடமைப்புத் தாமானாகிவிட்ட ஓர் இடத்திலிருந்து எழுதுகிறோம். குறை சொல்ல இல்லை, நன்றி சொல்லத்தான்.

பழைய பாக்கியிலிருந்து தொடங்குகிறோம். 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் ரப்பர் வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான். எங்கள் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்ததும் அந்த மரத்தை நம்பித்தான். 1905-இல் மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். தோட்டத்து ஆட்களையும் அங்கேயே கொண்டுபோனான். ஆட்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. தண்டவாளமும் திரும்பவில்லை. இன்றும் மலாக்கா பட்டணத்தில் இருப்பவன் ரயிலேற வேண்டுமென்றால் மாநில எல்லையில் இருக்கும் புலாவ் செபாங் வரைக்கும் போகவேண்டும். பிடுங்கியது ஜப்பான்காரன், அந்தப் பழி உங்களுக்கு வேண்டாம். எண்பது வருடமாகத் திருப்பிப் போடாத பெருந்தன்மை மட்டும்தான் உங்களுடையது.

அதற்காக நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2010 அக்டோபர் 20-ஆம் தேதி இரவு 8.10-க்கு, அதாவது 20.10.2010 அன்று 20:10 மணிக்கு, மலாக்கா ‘வளர்ந்த மாநிலம்’ ஆனது. முகூர்த்தம் குறிப்பதில் எங்கள் கோயில் குருக்களே தோற்றுப்போனார். அதே வருடம் ஆற்றங்கரையில் மோனோரயிலும் வந்தது. நீளம் 1.6 கிலோமீட்டர், செலவு 1 கோடியே 59 லட்சம் ரிங்கிட். வந்த சூட்டோடு பழுதாகி, ஓடி, நின்று, 2017 கடைசியில் மறுபடி ஓடி, மறுபடி நின்றது. அந்தத் தூரத்தை எங்கள் பாட்டி தலையில் விறகுக்கட்டோடு நடப்பார். அவர் இடையில் பழுதாகி நின்றதாகத் தகவல் இல்லை.

அடுத்து அதிவேக ரயில். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு 90 நிமிடம், நடுவில் ஆயர் குரோவில் ஒரு நிலையம் என்றார்கள். 2016-இல் கையெழுத்து, 2018-இல் ஒத்திவைப்பு, 2021 புத்தாண்டு அன்று கைவிட்டதாக அறிவிப்பு. சிங்கப்பூருக்கு அவர்கள் வெள்ளியில் 10 கோடியே 28 லட்சம் நஷ்டஈடு. ஓடாத ரயிலுக்கே இவ்வளவு டிக்கெட் காசு கொடுக்க முடிந்த நாட்டில், ஜாசினுக்கு ஒரு பஸ் கேட்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது.

இனி எங்கள் தாமானைப் பற்றி. தோட்டத்தில் லயத்திலிருந்து பெரட்டுக்கு நடந்தோம். ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், கடை எல்லாமே நடைதூரம். அதைச் சொர்க்கம் என்று சொல்லும் ஆட்கள் நாங்கள் இல்லை. வேலை போனால் வீடும் போகும். ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது அதையும் பார்த்தாகிவிட்டது. ஆனால் வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது: ஆள் வேலைக்கு வந்துசேரும் செலவு தன் செலவு. அதனால் வீட்டை வேலைக்குப் பக்கத்தில் கட்டினான். இப்போது அந்தச் செலவு மேம்பாட்டாளருக்கும் இல்லை, உள்ளூர் மன்றத்துக்கும் இல்லை. நிலம் எங்கே மலிவோ அங்கே கட்டலாம், மிச்சத் தூரத்தை வாங்கினவன் பார்த்துக்கொள்வான். வீட்டுக்கடன் 35 வருடம், கார்க்கடன் 9 வருடம். 1960-இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டத்து மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று மாதாமாதம் அதைவிடப் பல மடங்கு கட்டி மைவி கார் வாங்குகிறார்கள், பத்து பெரண்டாம் ஃபேக்டரிக்குப் போய்வர.

பஸ் நிறுத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். நுழைவாயிலில் நீலக்கூரை போட்ட ஒன்று நிற்கிறது. பெஞ்சில் பூனை குட்டி போட்டிருக்கிறது. தூண் முழுக்க ஆலோங்காரன் ஒட்டிய வட்டிக்கடன் ஸ்டிக்கர். எங்கள் தாமான்வாசியின் தேவையை ஊன்றிப் படித்துத் திட்டமிட்டவர் அந்த ஆலோங் ஒருவர்தான்.

மூலை வீட்டுப் பாட்டிக்கு இனிப்புநீர். பட்டணத்து ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தால் மகன் சம்பளமில்லா லீவு போடவேண்டும், இல்லாவிட்டால் கிரேப். பாட்டி கண்டுபிடித்த மூன்றாவது வழி, போகாமல் இருப்பது. சுகாதாரச் செலவை மிச்சப்படுத்தும் இந்தத் திட்டத்துக்கு உங்களில் எந்த மேசை பாராட்டை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் தெரியவில்லை. நிலம் மாநிலத்தின் அதிகாரம். தாமானுக்கு அனுமதி கொடுப்பது உள்ளூர் மன்றம். இந்தச் சின்ன மாநிலத்தில் அப்படி நான்கு இருக்கின்றன. பஸ் உரிமம் மத்திய அரசு கையில். 2010-இல் அதற்கென்று ஓர் ஆணையம் அமைத்தார்கள், 2019-இல் அதைக் கலைத்து ஒரு முகமை ஆக்கினார்கள். பெயர்ப்பலகை மாறியது எங்களுக்குத் தெரியும், பேப்பரில் படித்தோம்.

எங்கள் விண்ணப்பம் சின்னது. காலை 5.30 முதல் இரவு 10 வரை, அரை மணிக்கு ஒரு பஸ். ஜாசின், ஆயர் குரோ, மலாக்கா சென்ட்ரல் வழியாக ஆஸ்பத்திரிக்கு. அடுத்த தாமானின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது, ஒரு வீட்டுக்கு எத்தனை கார் நிற்கும் என்று கேட்கிறீர்களே, அதற்கு முன்னால் பஸ் எந்தப் பக்கமாக வரும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் முத்திரையைக் கீழே வையுங்கள்.

இதைப் பற்றிக் கூட்டம் போடுவதாக இருந்தால் எங்கள் பொது மண்டபம் காலியாகத்தான் இருக்கிறது. நாற்காலியும் தே தாரிக்கும் எங்கள் பொறுப்பு. நிபந்தனை ஒன்றே ஒன்று, காரை அலுவலகத்தில் நிறுத்திவிட்டு வாருங்கள். கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் முதல் நாள் மத்தியானமே கிளம்புவது உத்தமம்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து இந்நாள் தாமான்வாசிகள்