மாநிறம் என்று ஒரு நிறம்

நான் பிறந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "குழந்தை என்ன கலர்?" பதில் வந்த கையோடு பயத்தம் மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாளாம்.

தமிழர்களாகிய நாம் நிறம் விஷயத்தில் கொஞ்சம் விசித்திரமானவர்கள். வெளுப்பாக இருந்தால் 'சிவப்பு' என்போம். கறுப்பாக இருந்தால் 'மாநிறம்' என்போம். கறுப்பு என்ற சொல்லைப் பூனைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் விட்டுக்கொடுத்துவிட்டோம். என் ஜாதகக் குறிப்பிலும் அப்பா 'மாநிறம்' என்றுதான் எழுதினார். பெண் பார்க்க வந்தவர்கள் குறிப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபோது, டியூப்லைட் சரியில்லை என்று சமாளித்தார்.

நடுவில் அந்தச் சிவப்பழகு க்ரீம். 1975-ல் கடைக்கு வந்தது. என்னைவிட ஒன்பது வயது இளையது. பத்தாம் வகுப்பில் பூச ஆரம்பித்தேன். நாளடைவில் வெளுத்தது என் தலையணை உறை மட்டும்தான். 2020-ல், கொரோனா அமளியில், தன் பெயரின் முன்பாதியைக் கழற்றிவிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டது. நாற்பது வருஷம் நான் மாறுவேன் என்று காத்திருந்தேன். கடைசியில் அது மாறிவிட்டது!

அந்தப் பெயர் மாற்றச் செய்தியைப் படித்த அன்று மாலை பீரோவின் அடித்தட்டைக் குடைந்தேன். கல்யாணத்துக்கு வந்த எலுமிச்சை மஞ்சள் பட்டு. "உன் கலருக்கு எடுபடாதுடி" என்று அம்மா அன்றே மடித்து வைத்தது. கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். எடுபட்டது. அப்படியொரு எடுப்பு! அவிழ்த்து வைக்க மனசில்லாமல், அதோடேயே மொட்டை மாடிக்குப் போனேன்.

"ஊரடங்குல எங்கே கிளம்பிட்டேள்?" என்றாள் எதிர்வீட்டு மாமி.

"கொடியில துணி எடுக்க, மாமி."

ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு, வெளிநாட்டிலிருக்கும் மகளைப் பார்க்க விசா போட்டோ எடுக்கப் போனேன். அதே மஞ்சள் பட்டு. கம்ப்யூட்டரில் பார்த்தால், புடவை என்னுடையது, முகம் யாரோ ஒரு சேட்டம்மாவுடையது.

"லைட்டா ப்ரைட் பண்ணியிருக்கேன்க்கா" என்றான் ஸ்டூடியோ பையன், பெருமையாக.

"ஏர்போர்ட்டுல இந்தம்மா உள்ள போயிடுவா, நான் வெளியே நிப்பேன். பழையபடி கறுப்பாக்கு தம்பி."

பையன் மௌஸை அங்கும் இங்கும் இழுத்தான். தலையைச் சொறிந்தான். "வெளுப்பாக்கித்தான்க்கா பழக்கம். இந்தப் பக்கம் யாருமே கேட்டதில்ல."

"மெதுவாத் தேடுப்பா, எனக்கே ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.