கீரிக்குப் பந்தி வைப்பது எப்படி?

கோழிக்கூடு கட்டுவதில் எனக்கு ஆறு கூட்டு அனுபவம் உண்டு. ஒவ்வொரு கூடும் ஒரு பாடம். படித்துத் தேறியது கீரி. ஆகவே கொல்லைக் கதவைத் திறந்தால் வயல், வயலைத் தாண்டினால் வெண்ணாறு என்று வீடு அமைந்தவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தயங்காமல் பின்பற்றலாம்.

முதலில் ஆலோசனை கேட்க வேண்டும். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். டீக்கடையில் கேளுங்கள். தலைக்கொரு யோசனை சொல்வார்கள். சொல்கிற ஒருத்தர் வீட்டிலும் கோழி இருக்காது.

கூரைக்குத் தகரம். கோழிக்கு வியர்க்காது, அதன் உடம்புச் சூடே 41 டிகிரியை ஒட்டித்தான் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? மே 4 வாக்கில் கத்திரி பிறந்ததும், நடுப்பகலில் அந்தத் தகரத்தடியில் ஒரு பத்து நிமிஷம் குந்திப் பாருங்கள். நான் குந்தினேன். ஆறு பெட்டைகளும் அலகைப் பிளந்து, இறக்கையை உடம்பில் ஒட்டாமல் அகட்டிக்கொண்டு, தொண்டைத் தோல் படபடவென்று அடித்துக்கொள்ள என்னையே பார்த்தன. கீற்று வேய்ந்தால் இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் கீற்றுக்கு எலி வரும், எலிக்குச் சாரை வரும், சாரை வந்த கையோடு முட்டையையும் பார்த்துவிட்டுப் போகும். தகரத்தின் மேல் கீற்றைப் பரப்பி, தாழ்வாரத்தை மூன்றடி இறக்கிவிட்டால் சூடு பாதியாய்த் தணியும். இது உருப்படியான யோசனை. கை தவறி உள்ளே வந்துவிட்டது, மன்னிக்கவும்.

இனி சுவர். இங்கேதான் நம் ஊர் வெயிலும் நம் ஊர் ஜந்துக்களும் கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன. வெயிலுக்குத் திறந்து வைக்கணும், மரநாய்க்கு மூடி வைக்கணும். என் இரண்டாவது கூடு நாலு பக்கமும் செங்கல், பலகைக் கதவு. எறும்பு நுழைய வழியில்லை, காற்றுக்கும் இல்லை. பகலெல்லாம் குடித்த வெயிலைச் செங்கல் ராத்திரி முழுக்கக் கக்கியது. காலையில் கதவைத் திறந்தபோது இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. ஒரு பெட்டை எழுந்திருக்கவில்லை.

உடனே மறுகோடிக்குப் போனேன். மூன்றாவது கூட்டில் சுவரே கிடையாது, சுற்றிலும் அறுகோணக் கண் வைத்த கோழி வலை. பெயரே சொல்கிறதே, கோழி வெளியே போகாமல் தடுக்கிற வலை அது. மரநாய் உள்ளே வராது என்று கடைக்காரர் சொல்லவேயில்லை, நானாக எண்ணிக்கொண்டேன். அது உள்ளே வரக்கூட இல்லை. வலையை ஒட்டித் தூங்கின கோழியை வெளியே இருந்தபடியே கண் வழியாக இழுத்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை எனக்கு வைத்துவிட்டுப் போயிருந்தது.

மரநாய் ராத்திரி ஷிப்டு. பகல் ஷிப்டு கீரி. நாலாவது கூட்டில் அது வலையைத் தொடவேயில்லை. அடியில் பள்ளம் பறித்து, அடைக்கோழியை மிரட்டி எழுப்பிவிட்டு, பதினோரு முட்டையையும் உடைத்துத் தின்றது. அடைக்கு வைத்துப் பத்தொன்பது நாள். இன்னும் இரண்டே நாள். அம்மா போட்ட கரித்துண்டும் இரும்பாணியும் வைக்கோலில் அப்படியே கிடந்தன. இடிக்குக் காவல் வைத்தவளுக்குக் கீரி ஞாபகம் வரவில்லை. கீரியைப் பிடித்து அடைக்கலாம் என்று கிளம்பாதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதன் பக்கம். கோழிக்கு அப்படியொரு சட்டம் இல்லை, குழம்புதான் உண்டு. வயல் எலியையும் பாம்பையும் தின்று நமக்கு நெல் மிச்சம் பிடிக்கிற பிராணியிடம் பதினோரு முட்டைக்குக் கணக்குக் கேட்பதும் அவ்வளவு நியாயமில்லைதான். வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலியை நாமே பிடித்துவிடுகிறோம். கீரி வேறு எங்கே போகும்?

ஐந்தாவது கூட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. கூரை மூன்றாம் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது.

என் அப்பாயி காலத்தில் கூடே கிடையாது. பொழுது சாயும்போது பா… பா… என்று நொய்யை இறைப்பாள். வந்ததையெல்லாம் திண்ணையில் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை வைத்து, பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வாள். மூங்கில் பிளாச்சு வழியாகக் காற்று தாராளமாய்ப் போகும். ராத்திரி நாலு தரம் இருமுவாள். அந்த இருமலுக்குப் பயந்து மரநாய் வேலி தாண்டாது. இந்த முறையை நான் சிபாரிசு செய்யவில்லை, செலவே ஆகாத ஒன்றை யார் மதிக்கிறார்கள்?

ஆறாவது கூட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்தேன், வெயில் நீளப் பக்கத்தில் விழாமலிருக்க. ஓரடிச் சுவர், அதன்மேல் அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை. அதே வலையைத் தரைக்குள் ஓரடி இறக்கி, வெளிப்பக்கமாக ஓரடி மடித்துப் புதைத்தேன். பறிக்கிற கீரி கம்பியில் நகம் பட்டுத் திரும்பட்டும் என்று. உள்ளே உமி, மூலையில் குளிக்கச் சாம்பல், கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். ஆன செலவில் ஒரு கிடேரிக் கன்று வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள்.

கருக்கலில் கோழிகள் வரிசையாக வந்தன. வாசலில் நின்று கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பூவரச மரத்தில் ஏறிக்கொண்டன. பத்து நாளாக ஏணி வைத்து இறக்கி அடைத்தேன். பதினோராம் நாள் என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இப்போது தெருநாய் ஒன்று அந்தக் கூட்டில் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. நல்ல நிழல், நல்ல காற்று. கீரி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தண்ணீர்ச் சட்டியை எடுக்கப் போனால் நாய் என்னையும் விடமாட்டேன் என்கிறது.