பிரெஞ்சில் வழி கேட்போர் கவனத்துக்கு

பாரிஸ் போனால் கடைக்கு வழியைப் பிரெஞ்சில்தான் கேட்க வேண்டும். கைபேசியில் வரைபடம் பார்ப்பவர்கள் பண்பாடு அறியாதவர்கள்.

முதலில் 'போன்ஜூர்', அதாவது வணக்கம். அதை விட்டுவிட்டு நேரே கேள்விக்குப் போனால், எதிரில் நிற்பவர் தலைமையாசிரியர் தொனியில் 'போன்ஜூர்' என்பார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்து, 'ஊ எ லா பூலான்ஜெரி?' ரொட்டிக்கடை எங்கே? இதை மூக்கால் சொல்லி அசத்திவிட்டால், நம்மையும் பாரிஸ்வாசி என்று நம்பி, கையை ஆட்டி ஆட்டி மூச்சுவிடாமல் பதில் தருவார். பதிலைப் புரிந்துகொள்வது நம் பாடத்திட்டத்தில் இல்லை. 'மெர்சி' என்று நன்றி சொல்லி, அவர் விரல் கடைசியாகக் காட்டிய திசையில் கம்பீரமாக நடக்க வேண்டியதுதான். முக்கு வந்தால் இன்னொருவர், இன்னொரு போன்ஜூர்.

மனப்பாடம் ஆனது ஒரே வாக்கியம். ஆகவே தலைவலி மாத்திரைக்கும் ரொட்டிக்கடையைத்தான் விசாரிக்க வேண்டும். பச்சைச் சிலுவை மின்ன மருந்துக்கடை கண்ணெதிரே நிற்கும். நிற்கட்டும். கேட்காமல் கண்டுபிடித்த கடையில் என்ன பெருமை?

இப்படியே கேட்டுக்கொண்டு போனால் ஒருநாள் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் வந்து சேரும். கடைவாசலில் நிற்பவரிடம் இலக்கணம் பிசகாமல் கேளுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "நேரா போய் இடது கைப் பக்கம் திரும்புங்கோ தம்பி" என்பார். தளர வேண்டாம். 'மெர்சி' சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் பல கடைகள் திறப்பதில்லை. பயிற்சிக்கு அன்றுதான் தோது.